துணைக் கேள்வி

கம்பம், போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி என நம் மாவட்டத்துக்குச் சட்டமன்றத்தில் நான்கு இடங்கள். சபையில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் அந்த உரிமை படிப்படியாகத்தான் வந்தது.

1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண சபையில் உறுப்பினர் கேள்வி கேட்கலாம். பதில் வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். 1909-க்குப் பிறகு, கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே மற்ற உறுப்பினர்களும் எழுந்து கேட்க முடிந்தது.

நான் அரசு வேலையில் இருந்தபோது பார்த்தது இது: சபைக் கேள்விக்குப் பதில் எழுத அரை மணி நேரம் போதும். துணைக் கேள்வியில் என்ன வருமோ என்று கணக்கு எடுப்பதற்குள் இரவாகிவிடும். தூங்கிய ஃபைல்கள் அன்றுதான் எழுந்திருக்கும்.

முதியோர் பென்ஷன் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000, 2023-இல் 1,200. தொகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். நம் தாலுகாவில் எத்தனை மனு நிலுவை, எத்தனை பேருக்கு ஏன் நின்றது என்பதல்லவா துணைக் கேள்வி?

பல் விஷயமும் அப்படித்தான். "அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு உள்ளது" என்பது பதில். டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார், பல் செட் கட்டித் தருவார்களா? பல் போனவருக்குச் சோற்றை மெல்லுவதே பாடு.

எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் குறையாகச் சொல்லாதீர்கள். ஊர், தேதி, எண்ணிக்கையோடு கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள்.