பினாங்குக்கு வந்த தாய்ப் பெயர்கள்

ஆச்சி என்னும் சொல் ஒன்று. அது சுட்டும் உறவு மூன்று. நகரத்தார் இல்லத்தில் ஆச்சி என்பவள் தமக்கை. மணமான பெண்டிரை மதித்து அழைக்கும் பெயரும் அதுவே. திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீட்டில் ஆச்சி என்றால் பாட்டி. யாழ்ப்பாணத்து முதியோர் வழக்கிலோ அவள் பெற்ற தாய். தந்தையை அப்பு என்றவர்கள் தாயை ஆச்சி என்றார்கள். ஊரில் இருந்தவரையில் இம்மூவரும் ஒருவர் பேச்சை மற்றவர் நாள்தோறும் கேட்டவர் அல்லர். பினாங்கில் கேட்டனர். செட்டியார்கள் பினாங்குத் தெருவில் வட்டித்தொழில் நடத்தினர். யாழ்ப்பாணத்தவர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தராயினர். நெல்லையார் கடை வைத்தனர். தைப்பூசத்தன்று அனைவரும் தண்ணீர்மலையில் ஒரே கூட்டத்தில் நின்றனர். அங்கே 'ஆச்சி' என்று ஒரு குரல் எழுந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியவள் அக்காளா, தாயா, பாட்டியா என்பதை அழைத்தவனின் ஊரைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

பிரான்சிஸ் லைட் 1786இல் தீவைக் கைக்கொண்ட சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் இங்கே குடியேறினர். சூலியா தெருவின் பெயர் அவர்களைக் குறித்து எழுந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் அவர்களுக்காக நிறுவப்பட்டது. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. தண்ணீர்மலைச் சாலையில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது 1850களில். அதன் பின்னர், நீரிணைக்கு அப்பாலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத் துறைகளையும் பினாங்கையும் இணைத்த 'ரஜூலா' கப்பலை இன்றும் நினைவு கூர்வோர் உளர். கப்பலேறியவர்கள் மூட்டையில் கொண்டு வந்த பொருள் சிறிது. ஊர்ப்பேச்சும் முறைச்சொற்களும் எடையின்றி உடன் வந்தன.

தாய்க்கு நிலந்தோறும் வேறு பெயர் வழங்குதல் புதுமை அன்று. தொல்காப்பியர் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் திசைச்சொல் என வகுத்தார். அதற்குப் பழைய உரைகள் தரும் எடுத்துக்காட்டுகளுள் தாய்ப்பெயர் ஒன்றும் உண்டு: குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர். தந்தையை அச்சன் என்பது குடநாட்டார் வழக்கு எனவும் அவ்வுரைகள் கூறும். அச்சன் இன்றும் மலையாளத்தில் மதிப்போடு வாழ்கிறது. தள்ளைக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை; மலையாளத்தில் 'தள்ள' என்பது இன்று தாயை இழித்துரைக்கும் சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. ஆனால் தெலுங்கர் 'தல்லி' என்று தம் தாயையும் தெய்வத்தையும் போற்றுகின்றனர். ஒரே வேரில் பிறந்த இரு சொற்கள் ஒருபுறம் வசையாகவும் மறுபுறம் வழிபாடாகவும் ஆயின என்றால், இழிவும் உயர்வும் சொல்லின் ஒலியில் இல்லை என்பது தெளிவு.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. சங்கச் செய்யுளில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவன் தாய் 'தாய்'. எந்தை, நுந்தை, தந்தை என்பன போன்ற ஒழுங்கு இது. அம்முறைப்படி பார்த்தால் 'என் தாய்' என்னும் இன்றைய தொடர் பழம்புலவர் செவிக்குச் சற்றே விந்தையாக ஒலித்திருக்கும். யாயும் ஞாயும் வழக்கொழிந்தன. படர்க்கைக்குரிய தாய் மூவிடத்துக்கும் பொதுவாயிற்று. இலக்கிய வழக்கிலும் ஒரு சொல் வெல்வதும் மற்றவை மறைவதும் நேர்ந்தே வந்துள்ளன.

பினாங்கில் வென்ற சொல் அம்மா. அதன் வெற்றிக்குக் காரணங்கள் பல. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்த வரையில் ஒரு லயத்தில் ஒரே மாவட்டத்துப் பேச்சு நிலைத்திருக்க இடமிருந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்த பின்னர், புதிய வரவு குறைந்தது; பல மாவட்டத்தார் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் கலந்தனர். கடல் கடந்து வந்த பேச்சுகள் ஒரு பலகையில் அமர்ந்தபோது, அரிச்சுவடி நடுவராயிற்று. பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தோன்றியது முதல் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. அகரத்துக்கு அம்மா என்று கற்பிப்பதே அதன் முதற்பாடம் என்னும்படி அச்சொல் பாடநூல்களில் வேரூன்றியது. பிற்காலத்தில் திரைப்படமும் வானொலியும் எஞ்சிய பணியை முடித்தன.

இவ்வெற்றியைக் குறை கூற வேண்டியதில்லை. பொதுச்சொல் ஒன்று இருத்தல் நன்றே. குறை வேறிடத்தில் உள்ளது. 'ஆத்தா' என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினால், அதைக் கொச்சை எனச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'அம்மா' என்று எழுதும் வழக்கம் பள்ளிகளில் இருந்து வந்துள்ளது. இலக்கணம் இதற்குத் துணை நிற்குமா? அம்மா என்பதே எழுவாய்ப் பெயர் அன்று. அம்மை என்பதே பெயர்; ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர் விளியில் ஆகாரம் பெறுதலும் உண்டு என்பது தொல்காப்பிய விதி. அழைக்கும் வடிவமே பெயராக நிலைத்துவிட்டது. ஆத்தாள் ஆத்தா ஆனதும் அழைத்து அழைத்துத்தான். விளியைப் பெயராகக் கொண்ட குற்றம் இரண்டுக்கும் பொது. ஒன்றை மட்டும் தண்டித்தல் முறையன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி (1924-36) ஆத்தாள், ஆய், ஆச்சி ஆகியவற்றைத் தாய் என்னும் பொருளோடு பதிவு செய்துள்ளது. அதனினும் மேலாக, செய்யுள் ஈட்டுதற்குரிய சொற்கள் நான்கனுள் ஒன்றாகத் திசைச்சொல்லைத் தொல்காப்பியர் ஏற்றுள்ளார். செய்யுளுக்கு ஆகும் சொல் பள்ளிக் கட்டுரைக்கு ஆகாதோ?

அம்மை என்னும் மூலவடிவம் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சிற்றூர்களிலும் பெற்ற தாயைக் குறித்தே வழங்குகிறது. மற்ற இடங்களில் அம்மை என்றவுடன் நோய் நினைவுக்கு வருகிறது. நோய்க்கு அஞ்சித் தெய்வத்தைத் தாயாக அழைத்த மக்களின் வழக்கு அது. காரைக்கால் அம்மையாரை இறைவனே அம்மையே என விளித்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். அக்காரைக்காலிலிருந்தும் முஸ்லிம்கள் பலர் பினாங்கு வந்தனர்; அவர்கள் தாயை 'உம்மா' என்றனர்.

உம்மா அரபு மொழியின் 'உம்மு' என்பதோடு தொடர்புடையது. நாகூர், காயல்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் தாய் உம்மா, தந்தை வாப்பா. இராவுத்தர் குடும்பங்களிலோ தாய் அம்மா, தந்தை அத்தா. இது துருக்கியிலிருந்து வந்தது என்பாரும் உளர். அத்தன் என்னும் சொல் தேவாரக் காலத்திலேயே தமிழில் தந்தையைக் குறித்தமையால், அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை எனலாம். எவ்வாறாயினும், மதுரைச் சீமையில் அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒரு பிள்ளை அத்தா என்றால் தந்தை வருவார். மறு பிள்ளை ஆத்தா என்றால் தாய் வருவாள். குறிலும் நெடிலும் குடும்பத்தையே மாற்றும் இதனினும் நல்ல எடுத்துக்காட்டு மாத்திரை கற்பிக்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது.

வென்ற சொல்லுக்கு இடம் விட்டு விலகியவை அழிந்து போகவில்லை. பல ஒரு தலைமுறை மேலே ஏறிக்கொண்டன. தாயைக் குறித்த ஆத்தாள் தந்தையின் தாயாகிய அப்பத்தாளில் ஒட்டிக்கொண்டாள். ஆச்சி அம்மாச்சி, அப்பாச்சி என்பவற்றில் நிலைத்தாள். மாரியாத்தாள் என்றும் பெரியாயி என்றும் தெய்வமாகவும் உயர்ந்தனர். ஆயாவின் வரலாறு சற்றே சிக்கலானது. நகரத்தாருக்கு ஆயா தாயைப் பெற்ற பாட்டி. தமிழகத்தின் வடமாவட்டங்களிலும் ஆயா பாட்டியே. போர்த்துக்கீசியரின் 'ஆயா' என்னும் செவிலிப்பெயர் ஆங்கிலேயர் வழியாக வேறு பாதையில் வந்து சேர்ந்தது. தோட்டங்களில், பால்மரம் வெட்டச் செல்லும் தாயர் விடியற்காலையில் குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் ஆயாக் கொட்டகை எனப்பட்டது. பகல் முழுதும் ஊட்டியும் தாலாட்டியும் வளர்த்தவளைப் பிள்ளைகள் ஆயா என்றனர். பாட்டியா, பணியாளா என்ற ஆராய்ச்சி அவர்களுக்கு இல்லை. பக்கத்துக் கம்பத்தின் மலாய்ப் பிள்ளைக்கோ 'ஆயா' என்றால் தந்தை.

பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இன்று வீட்டு மொழி மலாய். உம்மா இருந்த இடத்தில் 'மாக்' என்பது வந்துவிட்டது. ஆயினும் அக்குடும்பங்களின் பெண்டிரை உறவினரும் அயலாரும் 'மாமி' என்றே அழைக்கின்றனர். தமிழ் ஒரு சொல்லும் அறியாத பேரப்பிள்ளைகளும் அச்சொல்லை அறிவர்.