செவிடன் காதில் ஊதிய சங்கு

'செவிடன் காதில் ஊதிய சங்கு போல' என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். வீண் வேலை என்று பொருள். ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னால் பாரிஸில் ஒரு டாக்டர், காது கேளாத பிள்ளைகளின் பக்கத்தில் மணியடித்தும் மேளம் தட்டியும் பார்த்தார். அது வீண் போகவில்லை. அவர் தொடங்கி வைத்த வேலை இன்றைக்குச் சென்னையில் பல குழந்தைகளைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறது. அதே சமயம் அந்த வேலையின் பெயரால் ஒரு பெரிய அநியாயமும் நடந்தது. இரண்டையும் இந்தப் பதிவில் சொல்கிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபங்களில் ஒன்று, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு பழைய பிரெஞ்சு நூல்களைச் சாவகாசமாகப் படிக்க முடிகிறது. அவற்றில் 'சூர்-முயே' என்ற சொல் அடிக்கடி வரும். செவிட்டு ஊமை என்று அர்த்தம். இப்போது பிரெஞ்சுக்காரர்கள் 'சூர்' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். காது கேட்காதவர் ஊமை அல்ல. அவருக்குக் குரல் இருக்கிறது. தன் குரலைத் தானே கேட்க முடியாததால் பேச்சு வருவதில்லை, அவ்வளவுதான். இந்தச் சின்ன உண்மை உலகத்துக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

18-ஆம் நூற்றாண்டில் ழாக்கோப் ரொட்ரிக் பெரேர் என்பவர் பிரான்சுக்கு வந்தார். ஐபீரிய தேசத்திலிருந்து வந்த யூதர். 1749-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் தன் மாணவன் ஒருவனை நிறுத்திப் பேச வைத்தார். பிறவியிலேயே காது கேளாதவன் பேசுவதைக் கண்டு கழகத்தார் அசந்துபோனார்கள். பதினைந்தாம் லூயி மன்னரும் அந்த மாணவனைப் பார்த்தார். ஆனால் பெரேர் தன் முறையை யாருக்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. நம் ஊர் நாட்டு வைத்தியர்கள் சிலர் மருந்தின் பெயரை மகனுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. 1780-இல் அவர் இறந்தபோது ரகசியமும் அவரோடு போயிற்று.

அதே பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் இருந்தார். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காது கேளாத இரண்டு சகோதரிகளைத் தற்செயலாகச் சந்தித்தார். அதிலிருந்து அவருடைய பள்ளிக்கூடம் உண்டாயிற்று. ஏழைப் பணக்காரர் வித்தியாசமின்றி இலவசமாகச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகள் தங்களுக்குள் கைச்சாடையால் பேசிக்கொள்வதைப் பார்த்து, அந்தக் கைகளின் வழியாகவே பிரெஞ்சு எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். பேச்சும் ஓரளவு சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்துச் செய்யவேண்டிய வேலை அது. ஊர் நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் அது முடியவில்லை. தன் முறையை ஒளிக்காமல், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வகுப்பைத் திறந்து வைத்தார். 1789-இல் அவர் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த அந்தக் கொந்தளிப்பிலும், 1791-இல் தேசிய சபை அவருடைய பள்ளியை அரசுப் பள்ளியாக ஏற்றுக்கொண்டது. சேன் ழாக் தெருவில் அது இன்றும் இருக்கிறது.

பேச்சுக் கற்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தமிழை வைத்தே சொல்லிவிடலாம். கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல் 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'மாடு' என்று சொல்லுங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். உதட்டைப் பார்த்து மட்டும் படிக்கிற பிள்ளைக்கு அது பாடா மாடா என்று எப்படித் தெரியும்? 'பல்லி'யும் 'பள்ளி'யும் அப்படித்தான். வித்தியாசம் வாய்க்குள்ளே நாக்கில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலாகவே எழுதி வைத்தார். காது கேளாத பிள்ளையின் ஆசிரியர் அந்த இயலைக் கையாலும் கண்ணாலும் நடத்திக்காட்ட வேண்டும். பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவார். மூக்கின் மேல் விரலை வைத்து 'ம' அதிர்வதைக் காட்டுவார். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, 'ப' சொன்னால் அது அசைவதைக் காட்டுவார். இப்படி ஓர் எழுத்துக்கே நாள் கணக்கில் ஆகும்.

அந்தப் பாரிஸ் பள்ளியில் 1797-இல் பன்னிரண்டு வயதில் சேர்ந்தவர் லோரான் க்ளேர். 'க்ளேர்' என்றால் பிரெஞ்சில் குமாஸ்தா. அதனாலேயே எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து கன்னத்தில் தழும்பு. பள்ளியில் ஓர் உதவி ஆசிரியர் இவருக்குப் பேச்சுக் கற்பிக்க முயன்றார். 'தந்தை' என்று நாம் சொல்லும்போது முதல் 'த' ஒரு விதம், இரண்டாவது 'தை' வேறு விதம். நாம் யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் இவை இரண்டும் தனித்தனி எழுத்துகள். க்ளேருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவே இல்லை. பொறுமை இழந்த ஆசிரியர் மோவாயில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். நாக்கு பற்களுக்கிடையே மாட்டிக் கடிபட்டது. அன்றோடு பேச்சுப் பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டார் க்ளேர்.

அதனால் அவர் வாழ்க்கை பாழாகவில்லை. கைமொழியில் படித்து அதே பள்ளியில் ஆசிரியரானார். 1816-இல் காலோடெட் என்ற அமெரிக்கருடன் கப்பலேறினார். போகும் வழியில் இவர் அவருக்குக் கைமொழி கற்றுக்கொடுக்க, அவர் இவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருவரும் சேர்ந்து பள்ளி திறந்தார்கள். இன்றைய அமெரிக்கக் கைமொழியில் பிரெஞ்சுக் கைமொழியின் சாயல் இருப்பதற்கு அந்தப் பயணம்தான் காரணம்.

இனி, நான் முதலில் சொன்ன டாக்டருக்கு வருகிறேன். பெயர் இத்தார். 1800-ஆம் ஆண்டின் முடிவில் பாரிஸ் பள்ளிக்கு மருத்துவராக வந்தார். காட்டில் பிடிபட்ட விக்தோர் என்ற சிறுவனை வளர்த்துப் படிக்க வைக்க முயன்றவர் இவர்தான். ட்ரூஃபோ 1970-இல் இதைப் படமாக எடுத்து, இத்தார் வேடத்தில் தானே நடித்தார். படம் பார்த்த நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். விக்தோரின் கண்ணைக் கட்டிவிட்டு, மணிச் சத்தத்தையும் மேளச் சத்தத்தையும் பிரித்தறியப் பழக்கினார் இத்தார். பிறகு அதே வழியைக் காது கேளாத மாணவர்கள் சிலரிடமும் கையாண்டார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கேட்கும் சக்தி கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது, பழக்கினால் அது பயன்படும் என்று கண்டார். சத்தம் வருகிறதா இல்லையா, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது உரத்தது, பிறகு உயிரெழுத்துகள், கடைசியில் மெய்யெழுத்துகள் என்று படிப்படியாகப் போனார். இன்றைய கேட்டல் பயிற்சிக்கும் ஏறக்குறைய இதுதான் வரிசை. இதே மனிதர், காதைக் குணப்படுத்துகிறேன் என்று அட்டை கடிக்க விட்டும் செவிப்பறையைத் துளைத்தும் அந்தப் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. 164 பிரதிநிதிகள், பெரும்பாலும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். காது கேளாத பிரதிநிதிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். பேச்சு முறையே உயர்ந்தது, கைமொழி கூடாது என்று 160 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 4 பேர்.

நான் சர்வீஸ் முழுவதும் கோப்புகளோடு வாழ்ந்தவன். யாருக்காக உத்தரவு போடுகிறோமோ அவரை ஒரு வார்த்தை கேட்காமலே எழுதி முடிக்கிற உத்தரவுகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் மிலான் தீர்மானத்தைப்போல அத்தனை குழந்தைகளின் தலையெழுத்தை மாற்றியது வேறில்லை. ஐரோப்பாவெங்கும் பள்ளிகளில் கைமொழி தடைசெய்யப்பட்டது. பிள்ளைகள் கையை அசைத்தால் தண்டனை. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. அதற்கு முன்பு, 1849-இல், பெர்த்தியே என்ற காது கேளாத ஆசிரியருக்கு லெழியோன் தொன்னேர் விருது கொடுத்துக் கௌரவித்த நாடு பிரான்ஸ். அதே நாட்டில்தான் இப்படி நடந்தது.

பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கும் சரித்திரமும் படிக்கவேண்டிய வயதில் ஆண்டுக்கணக்காக 'ப'வையும் 'த'வையும் பழகிக்கொண்டே இருந்தவர்கள் அதிகம். காதுக்கு உதவி இல்லாமல், வெறும் கண்ணாலும் விரலாலும் பேச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். கைமொழி விடுதி அறைகளிலும் விளையாட்டு மைதானத்திலும் ஒளிந்து வாழ்ந்தது.

காதுக்கு உதவி 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. முதலில் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் கருவிகள். 1950-களில் டிரான்சிஸ்டர் வந்த பிறகு அவை இன்னும் சிறியவையாயின. 1957-இல், மறுபடியும் பாரிஸில், ஜூர்னோ என்ற விஞ்ஞானியும் ஏரியேஸ் என்ற அறுவை மருத்துவரும் முற்றிலும் கேட்காத ஒருவரின் காதுக்குள் மின்கம்பி வைத்துக் கேட்கும் நரம்பைத் தூண்டினார்கள். அவரால் ஒலியின் தாளத்தையும் ஒருசில சொற்களையும் உணர முடிந்தது. இன்று நாம் காக்ளியர் இம்ப்ளான்ட் என்று சொல்வதற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் என்ற அறிஞர் ஓர் எளிய சோதனை வகுத்தார். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறே ஒலிகள். பேச்சின் கனத்த ஒலியிலிருந்து மெல்லிய கீச்சு ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். பிள்ளையின் பின்னால் நின்று தினமும் சொல்லிப் பார்த்தால், கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா, எந்த ஒலி விட்டுப்போகிறது என்று தாய்க்கே தெரிந்துவிடும்.

நம் பக்கத்திலும் இந்த வேலைக்கு வயது அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாளையங்கோட்டையில் ஃபுளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற அம்மையார் காது கேளாதோர் பள்ளி தொடங்கினார். சென்னையில் 1969 முதல் பால வித்யாலயா சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கேட்டலும் பேச்சும் கற்பித்து வருகிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் அறுவையும் செய்கிறார்கள்.

என் தங்கையின் பேத்திக்கும் மூன்று வயதில் இந்த அறுவை நடந்தது. "காதைத் திறந்து விட்டாச்சு, இனிமே பேச்சு தானா வந்துடும்னு நினைச்சேன் மாமா" என்றாள் அவள் அம்மா. வரவில்லை. கருவியை ஓடவிட்ட நாளில் குழந்தை பயந்து அழுதது. கேட்பதில் அது அன்று பிறந்த குழந்தை. டீச்சரம்மா எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், உதட்டைப் பார்த்துப் பழகிவிடக் கூடாதல்லவா. வீட்டில் குக்கர் விசில் வந்தால் அம்மா தன் காதைத் தொட்டு, "கேட்டுச்சா?" என்பாள். பால்காரர் மணி, குழாய்த் தண்ணீர், வாசலில் ஸ்கூட்டர் என்று நாள் பூராவும் இதே வேலை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் 'தாத்தா' என்று என்னைக் கூப்பிட்டாள்.

அந்த நாட்களில் உறவினர் சிலர், "கையைக் காட்டிப் பழக்காதே, பேச்சு வராது" என்று அம்மாவை மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். மிலான் மாநாட்டைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் அதன் தீர்ப்பு அவர்கள் வாயில் இருந்தது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? ராத்திரி படுக்கையில் அந்தக் குழந்தை எதையும் கேட்காது. அம்மா விளக்கை அணைக்காமல், கையாலேயே கதை சொல்லித் தூங்க வைப்பாள். அதனால் பேச்சு கெட்டுப்போகவில்லை. குழந்தை பகலில் காதாலும் இரவில் கையாலும் கதை கேட்டது.

பிரான்ஸ் 1991-இல்தான், பேச்சு மட்டுமா அல்லது கைமொழியும் சேர்த்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோருக்குச் சட்டமாகக் கொடுத்தது. 2005-இல் பிரெஞ்சுக் கைமொழியை முழுமையான மொழி என்று சட்டம் ஏற்றது. 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளிவைத்து வருத்தமும் தெரிவித்தது. 130 வருடம் ஆயிற்று.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். கேட்கவும் பேசவும் கற்பிப்பது அருமையான வேலை. இத்தாரின் மணியும் லிங்கின் ஆறு ஒலிகளும் குழந்தைகளுக்குக் கிடைத்த வரம். ஆனால் பேச்சு வருகிற வரைக்கும் மொழியே இல்லாமல் ஒரு குழந்தையைக் காக்க வைக்கக் கூடாது. கடந்துபோன வயதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கருவியாலும் முடியாது.

ஆகவே நண்பர்களே, உங்கள் பேரனோ பேத்தியோ பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், 'நம்ம குடும்பத்துல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க' என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். இந்த வாரமே காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் வயதுக்காரர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.