தீர்த்தமலையிலிருந்து தனுஷ்கோடி வரை

தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு அந்தத் தீவின் கதை பழகிய கதைதான். அரூரிலிருந்து 16 கிலோமீட்டரில் இருக்கும் தீர்த்தமலையிலும் அதே கதை வேறு வடிவில் வழங்குகிறது. ராவணனை வென்று திரும்பும் ராமன் சிவபூஜைக்குக் காசித் தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்புகிறான். அனுமன் வரத் தாமதமாகிறது. ராமன் பாறையில் அம்பு எய்கிறான், தீர்த்தம் பிறக்கிறது. பிந்தி வந்த அனுமன் கோபத்தில் வீசிய கலசம் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமந்தீர்த்தம் ஆகிறது. ராமேஸ்வரத்திலும் அனுமன் கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதிக்க, சீதை மணலில் லிங்கம் பிடிக்கிறாள். இந்த ஒற்றுமையைக் கொண்டு ராமன் இங்கே வந்தான், அங்கே போனான் என்று நிறுவ முடியாது. ஆனால் கடலே பார்க்காத ஒரு மலையடிவார நாடு, கடல் நடுவே உள்ள ஒரு தீவோடு நெடுங்காலமாகத் தன்னைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது என்பதற்கு இது போதுமான சான்று. பக்தியால் வந்த இந்த உறவுக்குப் பின்னால் உழைப்பால் வந்த இன்னொரு உறவும் உண்டு. இன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தைச் சுற்றிக் காட்டும் பயணங்கள் முதல் உறவைக் காட்டிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுகின்றன. அதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தீவைப் பார்த்ததாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான ஒரு நாள் சுற்று எப்படி இருக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் நிற்பவர் வாளியை இறக்கி இழுத்து, வரிசையில் நிற்பவர் தலையில் ஊற்ற ஊற்ற, ஈரத் துணியோடு அடுத்த கிணற்றுக்கு ஓட்டம். துணி மாற்றித் தரிசனம் முடித்து, 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தைச் சுற்றி வந்தால் காலைப் பொழுது முடிந்துவிடும். பிறகு ஆட்டோவிலோ வேனிலோ ராமர் பாதம், மிதக்கும் கல் வைத்திருக்கும் பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில், பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தில் இறங்கி ஒரு புகைப்படம். இதில் தனுஷ்கோடிக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான்: 1964இல் புயலில் அழிந்த ஊர். அழிந்தது என்கிறோம், அழிவதற்கு முன்பு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை.

அது ஒரு துறைமுகம். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், நடுவில் கப்பல் போக இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி. ஆட்கள் நின்று நெம்பித்தான் அதைத் திறந்தார்கள். அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். அந்தக் காலத்து ரயில் பாதையின் அமைப்பே தீவின் முக்கியத்துவம் எங்கிருந்தது என்பதைக் காட்டும். பாம்பன் ஒரு சந்திப்பு நிலையம். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. கப்பலுக்குப் போகும் போட் மெயில் ராமேஸ்வரத்தைத் தொடாமலே போனது. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இன்று ஊரின் கோடி என்று நாம் நினைக்கும் இடம் 50 ஆண்டுகள் இரண்டு நாடுகளுக்கு நடுவே நின்ற வாசல்.

அந்த வாசலைக் கடந்தவர்களில் பெரும் பகுதி யாத்திரிகர்கள் அல்லர், தோட்டத் தொழிலாளர்கள். 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஆள் சேர்த்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிப்போனார்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில்தான். அதுவரை அரூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆக அந்த ஆள் சேர்ப்பின் பட்டியலில் வரும் சேலம் என்ற பெயருக்குள் இந்தப் பகுதியும் அடங்கும். தொடக்கத்தில் தொண்டி போன்ற கரைகளுக்கு நடந்து போய்த் தோணி ஏறினார்கள். மன்னாரில் இறங்கிய பிறகும் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பின்னர் பாலத்துக்கு முன்பே உள்ள மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. காலரா, பிளேக் பரவாதிருக்கத் தொழிலாளர்களை அங்கே சில நாள் தங்கவைத்துச் சோதித்து, அதன் பிறகே கப்பலுக்கு விட்டார்கள். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்தின் பெயரிலேயே அந்த வரலாறு நிற்கிறது.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு, புயல் வந்தது. பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரும் துறைமுகமும் போயின. சேதமடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீர்செய்தது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை கைவிடப்பட்டது, கப்பல்துறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் அந்தக் கரையில்தான் இறங்கினார்கள். 1983க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களையும் மண்டபம் முகாம்தான் ஏற்றது. போவதற்கென்று அமைந்த முகாம் வருவோரின் முகாமாக மாறியது.

யாத்திரை போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு, அவர் புண்ணியத்துக்கல்லவா போகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாத்திரை எப்போதுமே வழியோடு சேர்ந்ததாகவே இருந்திருக்கிறது. சேது மணலைக் காசிக்கும் கங்கை நீரை ராமேஸ்வரத்துக்கும் கொண்டுபோகும் வழக்கம், வழியையே சடங்காக்கியது. ராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதி என்ற பட்டத்தைத் தாங்கியதும் சேதுவையும் அதற்கு வருவோரையும் காப்பது தங்கள் கடமை என்ற பொருளில்தான். மூன்றாம் பிராகாரமே சேதுபதிகளின் கொடை. வரலாற்றைச் சொல்வதால் பக்திக்கு எந்தக் குறையும் வராது. ஒரு நாளில் நேரம் ஏது என்பது அடுத்த தடை. மண்டபம், பாம்பன், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி எல்லாமே வண்டி ஏற்கெனவே ஓடும் பாதையில் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக ஓட வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாவு விழுந்த இடத்தைக் காட்சிப்பொருளாக்கலாமா என்பது அது. ஆனால் அது ஏற்கெனவே காட்சிப்பொருளாகத்தான் இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, பூச்சு உதிர்ந்து பவளக்கல் தெரியும் மாதா கோயில் சுவரின் முன் நாள் முழுவதும் கூட்டம். பக்கத்துக் குடிசைகளில் மீனவர்கள் இன்றும் வாழும்போதே அதைப் பேய் நகரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பேய்க்கதைக்குப் பதில் அந்த ஊர் செய்த வேலையைச் சொல்வதுதான் இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் மரியாதை.

எனவே அரூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் அமர்த்திப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபம் வந்ததும் முகாம் இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தனுஷ்கோடியில் ரயில் நிலையத்தின் இடிபாட்டைக் காட்டி, இங்கிருந்துதான் நம் சீமையின் ஆட்கள் கப்பல் ஏறினார்கள் என்று சொல்லுங்கள். சுற்றுலாத் துறையும் வழிகாட்டிகளும் புயலைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு முன்னால் துறைமுகத்தைப் பற்றி நான்கு வரி சேர்க்க வேண்டும்.