லியோனில் நான்கு நாட்கள்: எந்தக் குன்றில் தொடங்குவது?

விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். மறுநாள் வெள்ளியையும் சேர்த்து மூடிவிடும் தொழிற்சாலைகள் உண்டு. பிரெஞ்சுக்காரர் இதைப் 'பாலம் போடுவது' என்பார்கள். நான் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையும் இம்முறை பாலம் போடுகிறது. இங்கு வந்த இத்தனை வருடங்களில் லாச்சப்பலையும் உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களையும் தாண்டி நாம் போனது குறைவு. இம்முறை லியோனுக்குப் போவதென வீட்டில் முடிவாயிற்று. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலப் பயணம்.

மகள் ஒரு வழிகாட்டி நூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உரோமர் அரங்கு, பெருங்கோவில், பட்டு, சாப்பாடு எல்லாம் அதில் இருந்தன. 'கனூ' எனப்படும் பட்டு நெசவாளரைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. ஜக்கார் தறி தங்கள் வேலையைப் பறித்துவிடும் என்று பயந்து அவர்கள் கலகம் செய்தார்களாம். இது தவறு. ஒரு காலத்தில் வரலாறு கற்பித்தவன் என்ற பழக்கதோஷத்தில் அதை விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடிக்கும்போது எமது பயணத் திட்டமே மாறிவிட்டது.

லியோனில் பட்டு நெய்ய 1536 இல் முதலாம் பிரான்சுவா மன்னன் உரிமை வழங்கினான். மூன்று நூற்றாண்டுகளில் அந்நகரின் உயிர்நாடியாகவே பட்டு ஆகிவிட்டது. 1831 அளவில் அங்கு சில நூறு வணிகர்களும், சுமார் 8,000 பட்டறைத் தலைவர்களும், அவர்களின் கீழ் பல்லாயிரம் கூலி நெசவாளரும் இருந்தனர். நூலும் வடிவமும் வணிகனுடையவை. தறியோ பட்டறைத் தலைவனுடையது. நெய்த அளவுக்கே கூலி. அதில் ஏறக்குறைய பாதி தறியில் இருந்தவனுக்குப் போகும். ஜக்காரின் பொறிமுறை 1804 அளவில் வந்தபோது எதிர்ப்பு இருந்தது உண்மை. ஆனால் 1831 இல் தறிகளின் சொந்தக்காரரே நெசவாளர்தான். தங்கள் சொத்தை உடைக்க அவர்கள் ஏன் எழவேண்டும்?

அவர்கள் கேட்டது ஒரு கூலிப் பட்டியல். இன்ன துணிக்கு இதற்குக் குறையாத கூலி என்று எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். பூவியே-துமொலார் என்ற பிரபெக்ட் (எமது ஊர் அரசாங்க அதிபரைப் போன்ற பதவி) இரு தரப்பையும் கூட்டிப் பேசவைத்தார். 1831 ஒக்டோபர் 25 இல் பட்டியல் கையெழுத்தானது. வணிகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதை ஏற்க மறுத்தனர். பாரிசில் இருந்த கசிமிர் பெரியேயின் அரசும் அவர்கள் பக்கமே நின்றது. தொழில் சுதந்திரத்தில் அதிகாரி தலையிடலாகாது என்பது வாதம். கையெழுத்திட்ட ஒப்பந்தம் வெறும் தாளாகிப் போவதைப் பற்றி 1957 ஐ அறிந்த எமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கேட்டதும் தரப்பட்டதும் மிகச் சிறிதாக இருந்தபோதும் அது ஏன் காப்பாற்றப்படவில்லை என்ற கேள்வி மட்டும் பொதுவானது.

நவம்பர் 21 இல் குருவா-ரூஸ் குன்றிலிருந்து நெசவாளர் இறங்கினர். உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம் என்பது அவர்களது கறுப்புக் கொடியின் வாசகம். இரு தரப்பிலுமாகச் சுமார் 600 பேர் இறந்தோ காயமுற்றோ போயினர். 23 ஆம் திகதி நகரம் அவர்கள் கையில் இருந்தது.

எமது சஞ்சிகை வட்டத்தில் நெடுநாள் விவாதிக்கப்படும் பிரச்சினை இங்குதான் எழுகிறது. பிரான்சின் இரண்டாவது நகரைக் கைப்பற்றியவர்கள் அதை என்ன செய்தார்கள்? செல்வர் வீடுகளைக் கொள்ளையிலிருந்து காத்தார்கள். நிர்வாகத்தைப் பழைய பிரபெக்டிடமே விட்டார்கள். பட்டியலை நடைமுறைப்படுத்தும்படி கேட்டுக் காத்திருந்தார்கள். டிசம்பர் 3 இல் மார்ஷல் சூல்ட்டும் ஓர்லியான் இளவரசரும் பெரும் படையோடு நுழைந்தனர். பட்டியல் இரத்தானது. பிரபெக்ட் பதவி இழந்தார். இதனை முதலாவது தொழிலாளர் எழுச்சி என்று எங்கெல்ஸ் பின்னர் குறித்தார். அரசியல் தெளிவின்மையால் தோற்றார்கள் என்று நானும் விரிவுரை மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன். மணிக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கில் பத்து வருடம் நின்றபின் அவ்வளவு இலகுவாக அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அரசு அல்ல, நியாயமான கூலி. அதை மட்டும் கேட்பது அறியாமை என்று சொல்லும் உரிமை தறியில் நில்லாதவனுக்கு எங்கிருந்து வந்தது?

அவர்கள் அறியாதவர்களும் அல்லர். எழுச்சிக்குச் சற்று முன்னரே 'பட்டுத் தொழிலின் எதிரொலி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்கள். தோல்விக்குப் பின்னரும் அது 1834 வரை வெளிவந்தது. கூலித் தகராறுகள், தீர்ப்புகள், கூட்டுறவு பற்றிய விவாதங்கள் அதில் வந்தன. சங்கம் சேர்வதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, 1834 ஏப்ரல் 9 முதல் 14 வரை லியோன் மீண்டும் எழுந்தது. இம்முறை முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்திரிகையும் அத்தோடு நின்றது.

இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். 'புருதோம்' எனப்படும் தொழில் நியாயசபை 1806 இல் லியோனில்தான் முதலில் அமைந்தது. அப்போது வணிகருக்கே அதில் பெரும்பான்மை. கூலி நெசவாளருக்கு இடமில்லை. அந்த ஆசனங்களை அவர்கள் மெல்ல மெல்லப் போராடிப் பெற்றார்கள். என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் தனக்கு வரவேண்டிய மேலதிக நேரக் கூலியைப் பெற்றது இன்றைய புருதோமில்தான். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தபோது இந்த வரலாறு எனக்கும் நினைவில் இல்லை.

ஆகவே எமது திட்டம் இவ்வாறு அமைகிறது. லியோனில் ஃபூர்வியேரைத் தொழும் குன்று என்றும் குருவா-ரூஸை உழைக்கும் குன்று என்றும் சொல்வார்கள். நூல் முதலாவதில் தொடங்குகிறது. நாம் வியாழனன்று இரண்டாவதில் தொடங்குவோம். தறி நிற்பதற்கென்றே நான்கு மீற்றர் உயரத்தில் கட்டிய அறைகளையும், கட்டடங்களை ஊடறுத்துப் போகும் 'திராபூல்' நடைவழிகளையும், கொல்பேர் சதுக்கத்தருகே உள்ள ஆறுமாடிக் கற்படிக்கட்டையும் பார்ப்போம். கனூ இல்லத்தில் தறி இயங்குவதைக் காட்டுவார்கள். 1869 இல் வேலைநிறுத்தம் செய்த பட்டுநூல் முறுக்கும் பெண்களைப் பற்றி அங்கு கேட்கவேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. வெள்ளியன்று ஃபூர்வியேரும் பழைய நகரும். சனியன்று பேர்த்தெலோ வீதியில் முன்னர் கெஸ்டாப்போ இருந்த கட்டடத்தில் அமைந்த அருங்காட்சியகமும் மொன்லுய்க் சிறையும்.

ஞாயிறன்று ரயிலுக்கு முன் வெனிசியூவின் மிங்கெத் குடியிருப்புக்குப் போவோம். வழிகாட்டி நூலில் அது இல்லை. 1831 டிசம்பரில் சென்-மார்க் ஜிரார்தன் என்பவர் பாரிஸ் பத்திரிகையொன்றில், சமூகத்தை அச்சுறுத்தும் காட்டுமிராண்டிகள் தூரதேசங்களில் அல்ல, ஆலை நகர்களின் புறநகர்களில் இருக்கிறார்கள் என்று எழுதினார். ஏறக்குறைய அதே கண்ணோடு பார்க்கப்பட்ட புறநகர் மிங்கெத். அங்கு காவல்துறையினரின் சூட்டில் காயமுற்ற இளைஞரான தூமி ஜைஜாவும் நண்பர்களும் முன்னெடுத்த சமத்துவத்துக்கான நடைபயணம் 1983 ஒக்டோபர் 15 இல் மார்செயில் புறப்பட்டு டிசம்பர் 3 இல் பாரிசை அடைந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் கூடினர். அன்று மித்தெரோன் வாக்களித்த பத்தாண்டு வதிவிட அட்டை 1984 இல் சட்டமாயிற்று. எம்மில் பலர் அந்த அட்டையைத்தான் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். அதை யார் நடந்து பெற்றார்கள் என்று எமது கூட்டங்களில் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஞாயிறு அங்கு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மகள் கேட்கிறாள். அடுக்குமாடிகளும் பேருந்துத் தரிப்பிடமும் இருக்கும் என்றேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவோம் என்றாள்.