பழைய மசில் கார் மிதித்ததும் திக்குகிறதா? காபரேற்றரைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

பேர்லேண்டின் பிரோட்வே வீதியில் இடப்பக்கம் திரும்பக் காத்து நிற்கிறீர்கள். எதிரே வரும் வாகனங்களுக்கிடையில் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. மிதிக்கிறீர்கள். கார் பாயவில்லை. ஒரு விநாடி மூச்சடைத்து நின்றுவிட்டுப் பிறகுதான் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. அந்த ஒரு விநாடியில், எதிரே 40 மைல் வேகத்தில் வரும் வாகனம் கிட்டத்தட்ட 59 அடி ஓடி வந்துவிடும்.

1960கள், 70களில் வந்த செவெல், கமாரோ, மஸ்ராங் போன்ற கார்களை ஆசையோடு வாங்கித் திருத்தும் இளைஞர்கள் எம்மவர் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களும் அவர்களின் பெற்றோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ரெக்சாஸ் மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் கார்களுக்கான வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை நீக்கப்பட்டுவிட்டது. பிரசோரியா கவுண்டியில் புகைப் பரிசோதனை தொடர்ந்தாலும், 24 வருடங்களுக்கு மேற்பட்ட கார்களுக்கு அது கிடையாது. ஆகவே இந்தக் கார் வீதிக்குத் தகுதியானதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரருடையது.

ஏன் திக்குகிறது?

காரணம் எளிது. காற்று முந்துகிறது, பெற்றோல் பிந்துகிறது. மிதித்தவுடன் காபரேற்றரின் அடியிலுள்ள தகடு திறக்கிறது. காற்று இலேசானது, உடனே உள்ளே பாய்கிறது. பெற்றோல் பாரமான திரவம், அசையச் சற்று நேரமெடுக்கும். அதோடு, தகடு திறந்ததும் உள்ளே இருந்த உறிஞ்சல் குறைவதால், வந்த பெற்றோலிலும் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் போவது வெறும் காற்றுக்குக் கிட்டிய கலவை. அது சரியாகப் பற்றாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹொலி, குவாட்ராஜெற் போன்ற அமெரிக்கக் காபரேற்றர்களில் ஒரு சிறு பம்ப் இருக்கிறது. மிதித்த கணத்தில் அது பெற்றோலைப் பீச்சியடிக்கும்.

ஊரில் மொறிஸ் மைனர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அதன் எஸ்.யு. காபரேற்றரில் பம்ப் கிடையாது. அதன் தலைப்பகுதியில் ஊற்றும் எண்ணெய்தான், உள்ளேயுள்ள பிஸ்ரன் சடுதியாக எழும்பாமல் பிடித்து, அந்தக் கணத்தில் பெற்றோலைக் கூடுதலாக இழுக்க வைக்கும். எண்ணெய் வற்றினால் கார் திக்கும். மூடியைத் திறந்து எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. எரிவது ஆவிதான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பின்தான் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள்.

முதலில் குறிப்பெடுங்கள்

எந்த நேரத்தில் திக்குகிறது என்பதே பாதி விடை.

குளிராக இருக்கும்போது மட்டும் என்றால், சோக் நேரத்துக்கு முன்பே திறந்துகொள்கிறது.

சூடான காரை நிறுத்திவிட்டுச் சற்று நேரத்தில் எடுக்கும்போது என்றால், காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் கொதிக்கிறது. ரெக்சாஸ் கோடையில் இது சாதாரணம்.

மெதுவாக மிதித்தாலும் திக்கினால், எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது ஐடில் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றன.

சடுதியாக மிதித்தால் மட்டும் என்றால், பம்பையும் டிஸ்ரிபியூற்றரின் வக்கியூம் டயபிரத்தையும் சந்தேகியுங்கள்.

முழுதாக மிதித்தால் மட்டும் என்றால், பின்பக்க இரு வாய்களும் வேளைக்கே திறக்கின்றன, அல்லது பெற்றோல் போதாமல் வருகிறது.

காபரேற்றர் வழியாக 'டப்' என்று வெடித்தால் பெரும்பாலும் பெற்றோல் குறைவு. கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் அதிகம்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

1. பொறி. காபரேற்றர்க் கோளாறு என்று கொண்டுவரப்படுபவற்றில் பல இங்கேதான் முடியும். பிளக், வயர், டிஸ்ரிபியூற்றர் மூடி, பொயின்ற் ஆகியவற்றைப் பாருங்கள். ஜெனரல் மோட்டர்ஸ் வி8 எஞ்சின்களில் பொயின்றின் டுவெல் கோணம் 30 பாகை. ரைமிங்கை அந்தந்த எஞ்சினுக்கான கைநூற்படி வையுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வக்கியூம் குழாயைக் கழற்றி, டயபிரப் பக்கம் வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உள்ளேயுள்ள தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயபிரம் கிழிந்துவிட்டது.

2. காற்றுக் கசிவு. வெடித்த ரப்பர்க் குழாய்கள், பிரேக் பூஸ்ரருக்குப் போகும் பெரிய குழாய், காபரேற்றரின் அடிக் கஸ்கெற் ஆகிய மூன்றும் முக்கியம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சந்தேகமான இடத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். மாற்றம் செய்யாத நல்ல எஞ்சின், சூடான ஐடிலில், வக்கியூம் மானியில் 17 முதல் 21 அங்குலம் வரை ஆடாமல் காட்டும்.

3. பெற்றோல் வரத்து. பில்ரரை மாற்றுங்கள். குவாட்ராஜெற்றில் பெற்றோல் நுழையும் பெரிய நட்டுக்குள் ஒரு சிறு பில்ரர் ஒளிந்திருக்கும், அதை மறப்பவர்கள் பலர். ஹொலிக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பார்வைத் துளையுள்ள ஹொலிகளில் பெற்றோல் மட்டம் துளையின் கீழ் விளிம்பில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் மிதவையைச் சரிசெய்யுங்கள்.

4. பம்ப். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, எயார் பில்ரரைக் கழற்றுங்கள். காபரேற்றர் வாயைப் பார்த்தபடி கையால் தகட்டைத் திறவுங்கள். கை அசைந்த அதே கணத்தில் இரண்டு கூரான பெற்றோல் தாரைகள் வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால், சொட்டினால், அல்லது பிந்தி வந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டான். டயபிரம் அல்லது ரப்பர்க் கிண்ணம் கெட்டிருக்கலாம், அல்லது துவாரம் அடைபட்டிருக்கலாம்.

5. கடைசியாகத்தான் திருகாணி. ஹொலியில் தகடு முழுதாகத் திறந்த நிலையில் பம்ப் கைக்கு இன்னும் 0.015 அங்குல அசைவு மிச்சமிருக்க வேண்டும். அதேவேளை மிதி சற்று அசைந்தாலும் கை அசைய வேண்டும். பீச்சும் நாசியின் எண் துளையின் அளவைச் சொல்லும். 31 என்றால் 0.031 அங்குலம். மாற்றுவதானால் ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். குவாட்ராஜெற்றில் பின்பக்க எயார் வால்வைப் பாருங்கள். அது சடுதியாகத் திறக்காமல் பிடிக்கும் டயபிரம் கிழிந்தால், முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் அமுங்கும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, கொப்பியில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியாது.

இன்றைய பெற்றோல்

ஹியூஸ்ரன் சுற்றுவட்டாரத்தில் விற்கும் பெற்றோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனோல் கலந்திருக்கும். சுத்தமான பெற்றோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று சரியான அளவு. இந்தக் கலவைக்கு அது சுமார் 14.1. அதாவது பழைய ஜெற் அளவுகளில் கலவை சற்று வறண்டுபோகும். எத்தனோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எனவே புதிய பாகம் வாங்கும்போது எத்தனோலைத் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரில் பழைய பெற்றோலை வெளியேற்றிவிட்டே சோதனையைத் தொடங்குங்கள்.

ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள்

ஊரில் போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அன்று வேறு வழியில்லை. இங்கே அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளுக்குக் காட்டியும் கொடுக்காதீர்கள். வறண்ட கலவையில் எஞ்சின் பின்வெடித்தால் நெருப்பு காபரேற்றர் வாய்வழியாக மேலே வரும். கையில் திறந்த பெற்றோல் போத்தல் இருந்தால் முகமும் கராஜும் சேர்ந்தே எரியும். ஸ்ராட் செய்யும்போது யாரும் மேலிருந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பெற்றோல் தீக்கு ஏற்ற பி வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கராஜ் கதவைத் திறந்துவையுங்கள். தண்ணீர்ச் சூடாக்கிக்கு அருகில் பெற்றோலைத் திறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் நின்ற நிலையிலிருந்து பத்துத் தடவை சடுதியாக மிதித்துப் பாருங்கள். பத்துத் தடவையும் தயங்காமல் கிளம்ப வேண்டும். ஒன்பது போதாது. அதுவரை பிரோட்வேயில் இடப்பக்கத் திருப்பம் வேண்டாம். வலப்பக்கம் திரும்பி, சிக்னல் உள்ள சந்திவழியாகச் சுற்றி வாருங்கள்.