விளக்கும் பறவையும் கருவியும்

திருகோணமலை மாவட்டத்தின் வடகரையில் அமைந்த குச்சவெளி, கடற்றொழிலையும் வேளாண்மையையும் நம்பி வாழும் பிரதேசமாகும். அதற்குத் தெற்கே, துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில், பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. கிணறு, மீன்பிடிக் கலத்தின் அடியறை, எண்ணெய்த் தாங்கி ஆகிய மூன்றும் தோற்றத்தில் வேறுபட்டவையாயினும், காற்றோட்டமற்ற இடங்கள் என்ற வகையில் ஒன்றுபட்டவை. ஆனால் அவற்றுள் இறங்குவோரைக் கொல்லும் வாயு ஒன்றன்று. இவ்வேறுபாட்டை மனிதன் படிப்படியாக உணர்ந்த வரலாறே வாயுவை அறியும் கருவிகளின் வரலாறு எனலாம்.

பாழடைந்த கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். காற்றில் ஏறத்தாழ 21 வீதமாகவுள்ள ஒட்சிசன் 16 வீதமளவிற்குக் குறையுமிடத்துச் சுடர் அணைந்துவிடும். எனவே விளக்கு ஒட்சிசன் குறைவை அறிவிக்க வல்லது. ஆயின், கிணற்றினுள் வைத்து இயக்கப்படும் நீரிறைக்கும் இயந்திரம் வெளிவிடும் காபனோரொட்சைட்டை அது காட்டித்தராது. எரியக்கூடிய ஆவி நிறைந்த இடத்திலோ அச்சுடரே வெடிப்பிற்குக் காரணமாகிவிடும். இங்கிலாந்தின் பெலிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812இல் நேர்ந்த வெடிப்பு 92 உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய விபத்துக்களின் விளைவாக, 1815இல் ஹம்பிரி டேவி சுடரைக் கம்பிவலையாற் சூழ்ந்த விளக்கை ஆக்கினார். மெதேன் கலந்த காற்றில் அச்சுடரைச் சூழ்ந்து தோன்றும் நீல ஒளி, ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

சுரங்க வெடிப்பில் மாண்டோருட் பலர் தீயினாலன்றிக் காபனோரொட்சைட்டினாலேயே இறந்தனர் என்பதை 1896இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் எடுத்துக்காட்டினார். மனிதரிலும் விரைவாகச் சுவாசிக்கும் சிற்றுயிர்களை இந்நஞ்சு முன்னதாகவே தாக்கும் என்பது அவர் கண்ட உண்மை. இதன் பயனாகச் சுரங்கங்களிற் புகுந்த கனேரிப் பறவையை அகற்றிவிட்டு மின்னணுக் கருவியை ஏற்கும் முடிவு பிரித்தானியாவில் 1986இலேயே எடுக்கப்பட்டது.

எண்ணெய்த் தாங்கியின் பிரச்சினை வேறானது. 1926–27இல் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பனியைச் சேர்ந்த ஒலிவர் ஜோன்சன், தாங்கிகளில் வெடிப்பைத் தவிர்க்கும் நோக்குடன் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். சூடாக்கிய பிளாற்றினக் கம்பியின்மீது எரியும் வாயு கம்பியின் மின்தடையை மாற்றும்; அம்மாற்றத்தை முள் காட்டும். எண்ணெய் தீப்பற்றுவதன் கொடுமையைத் திருகோணமலை போரின்போது கண்டது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி நிகழ்ந்த யப்பானியத் தாக்குதலின்போது விமானமொன்று தாங்கியொன்றின்மீது மோத, அது பல நாள் எரிந்தது. அதே ஆண்டிலேயே இலங்கையின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது என்பது நோக்கற்பாலது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஒவ்வொரு கருவியும் ஒரு வினாவிற்கே விடையளிக்கும். ஆகவே கருவித் தேர்வு விலையிலிருந்தன்று, இடத்தின் ஆபத்திலிருந்தே தொடங்கல் வேண்டும். ஜோன்சன் வகைக் கருவிக்கு ஒட்சிசன் இன்றியமையாதது. அது குறைந்தவிடத்துக் கருவி வாயுவைக் குறைத்துக் காட்டும். எனவே முதலில் ஒட்சிசனையும், அடுத்து எரியும் வாயுவையும், பின்னர் நச்சு வாயுவையும் அளத்தலே முறை. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானதாகையால் மேலே மட்டும் அளந்து அமைதல் தகாது. மீன் அழுகும் அடியறையில் தோன்றும் ஐதரசன் சல்பைட்டோ, பத்து இலட்சத்தில் 100 பங்களவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். அதனால் நாற்றம் நீங்கியதென எண்ணுவோர் ஏமாறுவர். அதற்கெனத் தனி உணரி வேண்டும். சிலிக்கன் சேர்மங்களின் ஆவி பட்ட பிளாற்றின உணரி வாயு இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். அளவறிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சோதித்த பின்னரே அதனை நம்புதல் தகும்.

2022 ஜனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, எஞ்சியுள்ள 99 தாங்கிகளுள் 61 கூட்டு நிறுவனமொன்றின் அபிவிருத்திக்கு ஒதுக்கப்பட்டன. நெடுங்காலம் மூடிக்கிடந்த தாங்கியைத் திறந்து துப்புரவாக்க முதலில் இறங்குபவர் கூலித் தொழிலாளியே. அவர் மயங்கி வீழ்ந்தால், காப்பாற்ற எண்ணி உடன் குதிப்பவரும் மடிவது கிணறுகளிற் கண்ட துயரம். விளக்கை இறக்கிப் பார்த்த முன்னோரின் எச்சரிக்கையுணர்வு இன்றும் போற்றத்தக்கதே. எனினும் அவ்விளக்கின் இடத்தில் ஆபத்திற்கேற்ற கருவியை வைப்பது தொழில் கொடுப்போரின் கடமையாகும்.