தோட்டப் பாதையும் ஹொண்டா சி.ஆர்.வி.யும்: தலைமுறை வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பிரதான வீதி முடிந்து லயத்துக்கு ஏறும் பாதைதான் எந்த வாகனத்துக்கும் பரீட்சை. ஒருகாலத்தில் துரைமாரின் லேண்ட்ரோவர் ஓடிய பாதை அது. ஹொண்டாவின் குடும்ப வாகனமான சி.ஆர்.வி.யை அந்தப் பாதையில் வைத்தே இங்கு அளக்கிறேன். லயத்துக் குடும்பம் இத்தகைய வாகனத்தைச் சொந்தமாக வாங்குவது அரிது. பிரசவ வலி கண்டவரைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரவில் ஹயருக்குப் பிடிப்பார்கள். ஆகவே இருக்கையின் சொகுசைவிட மேடேறும் உறுதியே எனக்கு முதல் அளவுகோல்.

2. முதல் இரு தலைமுறைகள்

1995இல் வந்த முதல் வண்டி சிவிக் காரின் அடித்தளத்தில் பிறந்தது. 2 லீற்றர் பெற்றோல் எஞ்சின். லேண்ட்ரோவருக்கு உள்ளதுபோல் ஏற்றத்துக்கான லோ கியர் இல்லை. நான்கு சக்கர இயக்கத்தை இரண்டு எண்ணெய்ப் பம்புகள் கவனித்தன. ஒன்று முன்சக்கரங்களோடும் மற்றது பின்சக்கரங்களோடும் சுழலும். இரண்டின் வேகமும் ஒத்திருந்தால் அழுத்தம் எழாது. முன்சக்கரம் சேற்றில் வழுக்கினால்தான் அழுத்தம் ஏறி, கிளட்ச் பிடித்து, பின்சக்கரத்துக்கு விசை போகும். வழுக்கிய பிறகே உதவி வருகிறது. மழையில் ஊறிய செம்மண் வளைவில் அந்த ஒரு கணம் பெரிது.

பின்கதவில் தொங்கிய உபரிச் சக்கரமும், டிக்கித் தளமாகக் கிடந்து கால் விரித்தால் மேசையாகும் பலகையும் இதன் தனிச்சிறப்பு. இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில், திருவிழா அன்னதானத்துக்கு அந்த மேசையில் பூசணிக்காய் நறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். 2001இல் வந்த இரண்டாம் தலைமுறையும் இவ்விரண்டையும் விடவில்லை.

3. 2006இன் திருப்பம்

மூன்றாம் தலைமுறையில் உபரிச் சக்கரம் டிக்கித் தளத்துக்கு அடியில் போனது. பின்கதவு மேல்நோக்கித் திறந்தது. நகரத்து வாகனத் தரிப்பிடத்துக்கு இது வசதிதான். மூட்டை ஏற்றிய வண்டிக்கு நடுவழியில் டயர் போனாலோ, மழையில் எல்லாவற்றையும் இறக்கவேண்டும். இந்த மாற்றத்தை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4. பிந்திய தலைமுறைகள்

2011இல் வந்த நான்காம் தலைமுறையில் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. வழுக்கும்வரை காத்திராமல், வண்டி புறப்படும்போதே பின்சக்கரத்துக்கு விசை அனுப்ப அதனால் முடிந்தது. தோட்டப் பாதைக்கு முழுத் தொடரிலும் கிடைத்த மிகப் பெரிய நன்மை இதுவே. 2016இன் ஐந்தாம் தலைமுறை 1.5 லீற்றர் டர்போ எஞ்சினுக்கு மாறியது. 2022இல் ஆறாவது வந்தபோது இலங்கையில் இறக்குமதிக் கதவு மூடியிருந்தது. 2020 மார்ச்சில் மூடிய அது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பின்கதவில் சக்கரம் தொங்கும் வண்டிகளும் பழுது பார்க்கப்பட்டு ஓட்டத்தில் நின்றன.